மூன்று ஆபத்து, நில்

ஜேர்மனியில், எசன் நகரில் லொறி ஓட்டுகிறவர்களுக்குக் கொறற்றியின் முகம் தெரியாமல் இருக்கலாம், குரல் தெரியாமல் இருக்க ஏலாது. கம்பனியில் அவளுக்கு வேலையே அந்தக் குரல்தான். காதில் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்து, ஐரோப்பா முழுக்க ஓடுகிற வண்டிகளை அங்கே திரும்பு, இங்கே நில், அந்தப் பாலத்துக்குக் கீழே உன் வண்டி போகாது என்று மேய்த்துக்கொண்டிருப்பாள். போலந்துக்காரன், துருக்கிக்காரன், நம்முடைய பொடியள், எல்லாருக்கும் அவளிடம் பயம். நாற்பத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. கோபம் வந்தால் பாசையூர் அந்தோனியாரையே கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கிற வாய்.

அந்த வாய் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் பிழையான வழி சொன்னது. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் முதலில் இளங்கீரனைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

இளங்கீரன் அவளுடைய பழைய முதலாளி. அகதியாக வந்து, உணவுக் கடையில் கோப்பை கழுவி, ஒரு பழைய வான் வண்டியில் தொடங்கி, இன்றைக்கு ஒரு வளவு நிறைய லொறி வைத்திருக்கிற மனிதர். அதைக் குறை சொல்ல ஏலாது, உழைப்புத்தான். ஆனால் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது: எல்லாரும் தன்னைப் ‘பெரிய மனசுக்காரர்’ என்று சொல்லவேண்டும். கோயில் திருவிழாவா, முதல் தண்ணீர்ப்பந்தல் அவருடையது. பெரியபிள்ளையான பெட்டைக்குச் சாமத்தியவீடா, மைக்கைப் பிடித்து வாழ்த்துகிறவர் அவர். வெள்ளிக்கிழமை விரதம், சனி ஞாயிறு லொறி ஓட்டம்.

லொறி ஓட்டம் என்றால் சும்மா தெருவில் ஓடுவதில்லை. பட்டாளம் கழித்துவிட்ட பழைய லொறியை வாங்கி, இரும்புக் கூடு அடித்து, ஆளுயர ரயர் போட்டு, பாலைவன மணலில் பந்தயம் விடுவது. சகாராவுக்குப் போக வசதியுள்ளவன் சகாராவுக்குப் போவான். மற்றவர்களுக்குக் கிழக்கு ஜேர்மனியில் மூடிவிட்ட நிலக்கரிச் சுரங்கங்கள் இருக்கின்றன. எசனிலும் ஒரு காலத்தில் நிலக்கரி எடுத்தார்கள்தான், ஆனால் அது நிலத்துக்கு அடியில் எலி வளை மாதிரி. கிழக்கில் நிலத்தையே உரித்து எடுத்தார்கள். எடுத்து முடிய மிஞ்சியது மணல், மணல், மணல். படி படியாக இறங்குகிற பள்ளம், ஒவ்வொரு படியும் ஒரு வீட்டு உயரம்.

அந்த மணலில் தெருவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஓட்டுகிறவனுக்குத் தன் முன்கண்ணாடியில் தெரிவது மட்டும்தான் உலகம். வழியைச் சொல்வது பக்கத்தில் இருக்கிற கோ-ட்றைவர். பந்தயம் தொடங்குகிற காலையில்தான் வழிப்புத்தகத்தைக் கையில் தருவார்கள். அதில் சின்னச் சின்னப் படம், எத்தனை கிலோமீற்றரில் என்ன வரும் என்ற கணக்கு, அபாயத்துக்கு ஆச்சரியக்குறி. ஒரு குறி என்றால் கவனம். இரண்டு என்றால் வேகத்தைக் குறை. மூன்று என்றால் நிற்காவிட்டால் சாவு. கொறற்றி அதை இப்படித்தான் சொல்லுவாள்: "மூண்டு ஆபத்து. நில்."

இளங்கீரனின் வண்டியில் கோ-ட்றைவர் அவள்தான். வெளியே அவருக்கு அவள் ‘அண்ணை, வாங்கோ, இருங்கோ’ என்றுதான் மரியாதை கொடுப்பாள். வண்டிக்குள் ஏறினால் மரியாதை இல்லை. ‘நில்லுங்கோ’ என்று சொல்லி முடிக்க முதல் வண்டி விழுந்துவிடும். அது அவர்கள் இரண்டு பேரும் பேசி வைத்த ஒழுங்கு. இன்னொரு ஒழுங்கும் இருந்தது: அவள் ஒன்று சொன்னால் அவர் "ஓம்" என்று திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னால்தான் காதில் விழுந்தது என்று அர்த்தம். கொஞ்ச நாள் சொன்னார். பிறகு விட்டுவிட்டார்.

"எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்ட நான் என்ன பூம்பூம் மாடோ?" என்றார். ஒரு பொம்பிளைக்கு ஓம் சொல்வதில் மனிசனுக்கு அப்படி ஒரு நோவு.

மூன்றாவது இருக்கையில் மெக்கானிக்காகச் சேயோன் இருந்தான். கொறற்றியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவனை இங்கே எடுப்பித்து, பள்ளிக்கூடம் அனுப்பி, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடிக்க வைத்து ஆளாக்கியவள் அவள். அவனுக்கு லொறி என்றால் விசர். அக்கா முன்னுக்கு, தான் பின்னுக்கு, சந்தோஷமாகத்தான் இருந்தான்.

விபத்து நடந்தது மூன்று வருடத்துக்கு முதல், கிழக்கில் அப்படியொரு சுரங்கத்தில். முன்னால் ஒரு மஞ்சள் லொறி. அதை முந்தினால் முதலாவது இடம். வழிப்புத்தகத்தில் மூன்று குறி வந்தது. கொறற்றி சொன்னாள். ஓம் வரவில்லை. திரும்பவும் சொன்னாள். மூன்றாம் தரம் கத்தினாள். இளங்கீரன் மஞ்சள் லொறியைப் பார்த்துக்கொண்டு வேகமிதியில் காலை அமத்தினார். முன்னால் நிலம் முடிந்துபோயிற்று.

ஒரு படி உயரம் விழுந்து, வண்டி பக்கவாட்டில் புரண்டது. அவருக்கு ஒரு கீறல். அவளுக்குத் தோள்மூட்டு விலகியது. சேயோனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நசிந்து, இரண்டு நாளில் எடுக்கவேண்டி வந்தது. தலையிலும் நல்ல அடி. அன்றைய காலை முழுக்க அவன் நினைவில் இருந்து அழிந்துபோயிற்று.

ஆக, உள்ளுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். விசாரித்த அதிகாரிகளிடம் இளங்கீரன், கோ-ட்றைவர் பிந்திச் சொன்னாள், சொன்னபோது பள்ளம் சக்கரத்துக்குக் கீழே இருந்தது என்றார். கொறற்றி உள்ளதைச் சொன்னாள். அந்த நாளில் வண்டிக்குள் கமரா பூட்டுகிற சட்டம் இல்லை. அவர்கள் யாருடைய சொல்லை நம்பினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சேயோன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவளிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, நீ சொன்னனியோ?"

"சொன்னனான் தம்பி. மூண்டு தரம்."

"அண்ணை நீ நேரத்துக்குச் சொல்லேல்லை எண்டுறார்."

அவள் திரும்பவும் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவளோடு அவன் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்தாலும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்து "ம்" என்பான், அவ்வளவுதான்.

இளங்கீரன் அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய மனசு காட்ட வெளிக்கிட்டார். கால் போன பொடியனுக்குத் தன் கராஜிலேயே பொறுப்பான வேலை கொடுத்தார். ஊர் மெச்சியது. ஒரு சாமத்தியவீட்டில் யாரோ விபத்தைப் பற்றிக் கேட்க, சேயோனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நாலு பேர் கேட்கச் சொன்னார்: "விதி. கொறற்றி பாவம், பிழையா வாசிச்சுப்போட்டாள். நான் அவளை அப்பவே மன்னிச்சிட்டன்."

கொறற்றி இரண்டு அடி பின்னால் புரியாணிக் கோப்பையோடு நின்றாள். பொய்யைக்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மன்னிப்பு இருக்கிறதே, அது அவளுக்கு ஈரல் வரை எரிந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமோ? அடுத்த கிழமை கடையில் நின்ற பெண்டுகள் அவளைக் கண்டதும் மரக்கறியை உற்றுப் பார்த்தார்கள்.

அவள் புருஷன் முருகேசு பேக்கரியில் வேலை செய்கிற சாதுவான மனிசன். "விடு கொறற்றி. ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்," என்றார்.

"ஆண்டவருக்கு வேலை கூட. நான் ஒரு கை குடுக்கிறன்," என்றாள் கொறற்றி.

வேலையை விட்டு வேறு கம்பனிக்குப் போனாள். ஓட்டத்தை விடவில்லை. ஒரு ஒல்லாந்துத் தம்பதி சின்ன லொறி ஒன்று வைத்திருந்தார்கள், மனிசி ஓட்டுவாள், மனிசன் மெக்கானிக். அவர்களோடு ஏறினாள். மூன்று வருடம் ஒரு பிழை இல்லை. ஒரு மணற்பந்தயத்தில் எல்லா வண்டியும் வழி தவறி நிற்க, இவர்களுடைய வண்டி மட்டும் நேரே போய்க் கொடியைத் தொட்டது. கொறற்றி பக்கத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று ஜேர்மன்காரரே கதைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஆவணியும் கெவெலார் மாதாவிடம் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். "மாதாவே, எதையும் கேளுங்கோ. அவனை மன்னிக்கச் சொல்லி மட்டும் கேக்காதேங்கோ," என்பதுதான் செபம்.

இந்த வருடம் ஆனி மாதம் இளங்கீரன் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பாகிஸ்தான் மாம்பழப் பெட்டி. அவருடைய கோ-ட்றைவர், ஒரு ஜேர்மன் பொடியன், மணிக்கட்டை உடைத்துக்கொண்டு கிடந்தான். ஆடியில் அதே சுரங்கத்தில் பெரிய ஓட்டம். வென்றால் மொறோக்கோப் பந்தயத்துக்கு இடம் கிடைக்கும்.

"பழசை மறப்பம் கொறற்றி," என்றார். "நீ திரும்ப என்ர வண்டியிலை ஏறினால் சனமும் பாக்கும்தானே, எனக்கு மனசிலை ஒண்டும் இல்லை எண்டு."

பாருங்கோ, அப்பவும் அவருக்கு வழி சொல்ல ஆள் தேவை என்று வாய் வரவில்லை. கொறற்றி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஓம் அண்ணை. வாறன்," என்றாள்.

அவர் போனதும் பெட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுத் துருக்கி மனிசியிடம் கொடுத்தாள். ஒரு பழத்தைக்கூட வாயில் வைக்கவில்லை. முருகேசுவுக்கு மாம்பழம் என்றால் உயிர். அவர் மனிசியின் முகத்தைப் பார்த்தார், போய்ப் படுத்துவிட்டார்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ‘நீ சொன்னனி, எனக்குக் கேட்டது’ என்று இளங்கீரன் தன் வாயால் சொல்லவேண்டும். அதைச் சேயோன் தன் காதால் கேட்கவேண்டும்.

சேயோன் இப்போது இளங்கீரனின் குழுவில் திருத்த வேலைக்குப் பொறுப்பு. ஓட்டத்தன்று சுரங்கத்தின் விளிம்பில், திருத்தக் கூடாரத்தில், றேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பான். இளங்கீரன் அந்த றேடியோவை ஒரு பெரிய ஒலிபெருக்கியில் கொழுவி வைத்திருந்தார். எசனிலிருந்தும் டுசல்டோர்ஃபிலிருந்தும் அவர் கூட்டிவந்த விருந்தாளிகள் மட்டன் றோல்ஸ் தின்றுகொண்டு ஓட்டத்தைக் கேட்கவேண்டுமாம். வண்டிக்குள் கொறற்றியின் காலடியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை மிதித்தால் உள்ளே கதைப்பது முழுக்கக் கூடாரத்தில் கேட்கும். மிதிக்கும்போது முன்பலகையில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் எரியும். முந்துகிற நேரத்தில், "அமத்து, கேக்கட்டும்," என்று அவரே சொல்லுவார்.

முதல் நாள் ஓட்டம் தொடங்க முதல், வரிசையில் காத்து நிற்கும்போது, அவள் நல்ல விதமாகவே கேட்டுப் பார்த்தாள். அதையும் செய்யாமல் விட்டாள் என்று யாரும் சொல்லக்கூடாது.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதுதானே?"

இளங்கீரன் முதலில் அவள் காலைக் குனிந்து பார்த்தார். சிவப்பு வெளிச்சம் எரியவில்லை, இப்போது பூட்டியிருக்கிற கமராவும் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு ஹெல்மெற்றின் வாரை இறுக்கிக்கொண்டு சிரித்தார்.

"நடந்தது தெரிஞ்சது எனக்கும் உனக்கும் மட்டும்தானே. என்ர சொல்லு ஒண்டு, உன்ர சொல்லு ஒண்டு. எது எடுபடுது எண்டு நீ மூண்டு வருசமாப் பாக்கிறாய்தானே. சும்மா ஏன் கிண்டுறாய்? பொடியனும் இப்ப நிம்மதியா இருக்கிறான்."

மூன்றாவது இருக்கை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. விபத்துக்குப் பிறகு பாரம் குறையட்டும் என்று அதைக் கழற்றிவிட்டிருந்தார். கொறற்றி அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வழிப்புத்தகத்தை மடியில் விரித்தாள்.

அன்று முழுக்க அவள் சொன்ன ஒரு சொல்லிலும் பிழை இல்லை. வலம், இடம், மேடு, இரண்டு ஆபத்து, குறை. அவர் ஓம் சொல்லவில்லை, ஆனால் சொன்ன இடத்தில் சொன்னபடி திரும்பினார். பின்னேரம் அவர்கள் முதலாவது. கூடாரத்தில் இளங்கீரன் விருந்தாளிகளுக்கு நடுவில் அவள் முதுகில் தட்டி, "பாத்தியளே, என்ர தங்கச்சி மாதிரி. நான் மனசிலை ஒண்டும் வைக்கிற ஆளில்லை," என்றார். அவருடைய மனிசி கிரிஜா தட்டை நீட்டினாள். கொறற்றி ஒரு றோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டாள். சேயோன் தூரத்தில் ஒரு ரயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான், திரும்பவில்லை.

அமைதியாக இருக்கிற இளங்கீரனிடமிருந்து உண்மை வராது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அமைதியாக இருந்தால் மனிசன் காலைப் பார்ப்பார், வெளிச்சத்தைப் பார்ப்பார். ஆனால் அவரிடம் பல வருடம் வேலை செய்தவளுக்கு இன்னொன்றும் தெரியும். கோபம் வந்தால் இளங்கீரனின் வாய்க்குக் கதவில்லை. ஒரு வண்டி பிந்தினால் போதும், கணக்காளருக்குக்கூடத் தெரியாத விஷயத்தையெல்லாம் கந்தோரில் நின்று கத்துவார். கத்தி முடியத்தான் என்ன சொன்னோம் என்று தேடுவார். அவருக்கு அப்படிக் கோபம் வருவது ஒன்றுக்குத்தான்: வெல்லுகிற நேரத்தில் யாரும் மறித்தால்.

மறிப்பதற்கு அவளிடம் இருந்தது ஒரேயொரு ஆயுதம். அதை எடுக்க அவளுக்கே கை கூசியது. கோ-ட்றைவர் தூங்கலாம், வாந்தி எடுக்கலாம், பிந்தலாம். பொய் சொல்லக்கூடாது. ஓட்டுகிறவன் தன் உயிரை அந்த வாயில் கொடுத்துவிட்டு ஓட்டுகிறான். ஒருக்கால் பொய் சொன்ன வாயை நம்பி எந்த மனிசனும் பிறகு வண்டி எடுக்கமாட்டான். மூன்று வருடமாகக் கட்டி எழுப்பியதெல்லாம் ஒரு சொல்லில் போய்விடும். இது நன்றாகத் தெரிந்துகொண்டுதான் இரண்டாம் நாள் காலை வண்டியில் ஏறினாள்.

ஏறமுதல் இளங்கீரன் நான்கு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தார். அவள் தன் சங்கிலியில் இருந்த சிலுவையை உள்ளே விட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு வழி அதே படியால் போனது, சேயோனின் கால் போன அதே படி. மூன்று ஆச்சரியக்குறி. நேரம் வந்தபோது அவள் சொன்னாள்: "மூண்டு ஆபத்து. நில்." ஒருக்கால்தான் சொன்னாள். இளங்கீரன் உடனே பிறேக்கில் ஏறி நின்றார். வண்டி விளிம்புக்கு நல்ல தூரத்தில் நின்றது. மெல்ல வெட்டித் திருப்பிச் சரிவால் இறங்கினார்கள். எவ்வளவு லேசு. ஒரு கால், ஒரு மிதி, அவ்வளவுதான் அன்றைக்கும் செய்யவேண்டி இருந்தது. கொறற்றிக்கு வாய்க்குள் கசந்தது. அதுவரை கை கூசியது உண்மை, அந்தச் சரிவால் இறங்கிய பிறகு கூசவில்லை.

கடைசிப் பகுதி வெள்ளை மணல். பள்ளத்தின் அடியில் மேசை மாதிரிச் சமமாகக் கிடக்கும். பள்ளமும் இல்லை, கல்லும் இல்லை, ஒரு ஆளுக்கும் ஆபத்து இல்லை. ஆனால் மாவு மாதிரி மணல். ஓடிக்கொண்டிருந்தால் மிதக்கலாம், நின்றால் அச்சுவரை புதைந்துவிடும். புதைந்தால் பிறகு இழுவை வண்டி வந்தால்தான் உண்டு. அங்கே நிற்கக்கூடாது என்பது அந்தச் சுரங்கத்தில் ஓடின எல்லாருக்கும் தெரியும். அதைத் தாண்டினால் கொடி. மஞ்சள் லொறி பின்னால் தூரத்தில் ஒரு புழுதியாகத் தெரிந்தது.

இளங்கீரனுக்கு முகம் முழுக்கப் பல்.

"அமத்து கொறற்றி, அமத்து. கேக்கட்டும் எல்லாரும். இந்தா வாறம்."

அவரே சொன்னார். அவள் பொத்தானை மிதித்தாள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. காலை எடுக்கவில்லை.

"மூண்டு ஆபத்து," என்றாள். "நில்."

வண்டி நின்றது. யோசிக்கவில்லை, முன்னால் பார்க்கவில்லை, மனிசன் அவள் சொல்லைக் கேட்ட அந்தக் கணமே பிறேக்கை அமத்திவிட்டார். பிழையாக வாசிக்கிறவள் என்று மூன்று வருடம் ஊரெல்லாம் சொன்ன ஆள், வென்றுகொண்டிருந்த ஓட்டத்தை அவளுடைய ஒரு சொல்லுக்கு நிறுத்தினார். லொறி மூக்கைக் குத்திக்கொண்டு மணலுக்குள் இறங்கியது.

"எங்கை?" என்றார். "எங்கை பள்ளம்?"

"பள்ளம் இல்லை அண்ணை."

"என்ன?"

"பள்ளம் இல்லை. பிழையா வாசிச்சிட்டன். நான் பிழையா வாசிக்கிறனான்தானே."

இளங்கீரன் கியரைப் போட்டு அமத்தினார். சக்கரம் சுழன்று இன்னும் புதைந்தது. பின்னுக்கு எடுத்தார், முன்னுக்கு எடுத்தார், வண்டி இருந்த இடத்திலேயே கிணறு வெட்டியது. அப்போது மஞ்சள் லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. போய்க் கொடிப் பக்கம் சின்னதாகியது. கொறற்றி காத்திருந்தாள். அவருடைய கழுத்து நரம்பு எழும்புவதைப் பார்த்தாள். இதைக் கந்தோரில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள்.

ஸ்ரேறிங்கில் இரண்டு கையாலும் குத்தினார்.

"விசரி. உனக்கு இதுதான் தொழில். அண்டைக்கும் இப்பிடித்தான் ஆபத்து, நில், ஆபத்து, நில் எண்டு மூண்டு தரம் காதுக்குள்ளை கத்தினனி. அண்டைக்கு உன்ர கதையைக் கேட்டு நிண்டிருந்தால் அண்டைக்கும் இவன் மஞ்சளன்தான் முன்னுக்குப் போயிருப்பான். அதுதான் நான் நிக்கேல்லை. இண்டைக்கு நிண்டன் பார், என்னைச் செருப்பாலை அடிக்கவேணும்."

சொல்லி முடிந்தது. எஞ்சின் நின்றுபோயிருந்தது. அவள் கண் போன பக்கம் அவருடைய கண்ணும் போனது: முன்பலகை, சின்னச் சிவப்பு வெளிச்சம், அதற்குக் கீழே பொத்தானில் அவளுடைய கால்.

இளங்கீரனின் முகம் மாறியதை அவள் ஆறுதலாகப் பார்த்தாள். அந்த முகத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தவள், ஏன் அவசரப்படவேண்டும்? பார்த்து முடியத்தான் காலை எடுத்தாள்.

கூடாரத்தில் நடந்ததைக் கிரிஜா பிறகு யாரிடமோ சொல்லி, அது எசன் முழுக்க வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சொல்லும் கோயில் மணி மாதிரிக் கேட்டதாம். றோல்ஸ் கடித்தவர்கள் கடித்தபடி நின்றார்களாம். சேயோன் ஹெட்செற்றைக் கழற்றவில்லை. எழும்பினான், திரும்ப இருந்தான். கிரிஜா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய் இருந்துகொண்டாள்.

வண்டிக்குள் றேடியோ கரகரத்தது.

"அக்கா."

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். பொத்தானை மிதிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"சொல்லு தம்பி."

"கேட்டது." பிறகு, "வண்டி புதைஞ்சு போச்சோ?"

"அச்சு மட்டும்."

இளங்கீரன் குறுக்கே பாய்ந்தார். "சேயோன், தம்பி, இஞ்சை கேள், அவள் வேணுமெண்டு... நான் கோபத்திலை ஏதோ சொன்னது... நீ முதல் இழுக்கிற வண்டியை அனுப்பு, நாங்கள் பிறகு கதைப்பம்."

"கிடக்கட்டும்," என்றான் சேயோன். அவரைப் பற்றி அவ்வளவுதான். "அக்கா, நீ இறங்கி ஓரப்பாதைக்கு வா. நான் வாறன்."

கொறற்றி ஹெல்மெற்றைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். வழிப்புத்தகத்தை மூடி அதற்கு மேலே வைத்தாள். கதவைத் திறந்து குதித்தபோது கால் முழங்கால் வரை மணலில் புதைந்தது. மேலே இருந்து இளங்கீரன் குனிந்து பார்த்தார்.

"நீ இனி ஒரு வண்டியிலையும் ஏறமாட்டாய் தெரியுமோ?"

"தெரியும் அண்ணை."

அவர் சொன்னது சரிதான். அதிகாரிகள் அன்றைக்கே கூப்பிட்டு விசாரித்தார்கள். இப்போது வண்டிக்குள் கமரா இருக்கிறது, மறைக்க ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே பிழையாகச் சொன்னேன் என்றாள். அனுமதிப் பத்திரத்தைப் பறித்தார்கள். அந்த ஒல்லாந்து மனிசி நேரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் செய்தாய் என்று விளங்குகிறது, ஆனால் உன்னோடு இனி ஏற எனக்குப் பயம் என்றாள். கொறற்றி ஓம் என்றாள். அது நியாயம். முருகேசு மட்டும் வீட்டில் தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டு, "நுணலும் தன் வாயால் கெடும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடமாவது ஒரு பெட்டி மாம்பழம் வாங்கலாமோ என்று கேட்டார். இளங்கீரன் இப்போது சாமத்தியவீடுகளில் மைக் பிடிப்பதில்லை. சேயோன் வேலையை விட்டுவிட்டான். அவள் செய்தது சரியோ என்று என்னிடம் கேட்டால், மூன்று வருடம் மன்னிப்பு வாங்கிப் பாருங்கோ, பிறகு வாங்கோ கதைப்பம் என்பேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தப் பகல், அவள் ஓரப்பாதையில் ஏறி நின்றபோது, சேயோன் குழுவின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். இடது கால் இல்லாதவனுக்கு ஓட்டோமற்றிக் வண்டி பிரச்சினை இல்லை. பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறினாள், மணல் முழுக்கச் சப்பாத்தோடு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் கண் சிவந்திருந்தது, அவள் அதைக் காணாத மாதிரி இருந்தாள்.

வாகனத்தைத் திருப்பி மேலே ஏறும்போது, கீழே வெள்ளை மணலில் லொறி சரிந்து நின்றது. இளங்கீரன் அதன் கூரையில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினார். நல்ல வெயில். அவர் ஏதோ கத்துவதும் தெரிந்தது.

சேயோன் வேகத்தைக் குறைத்தான்.

"அக்கா, நிப்பாட்டவோ?"

கொறற்றி வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள்.

"வேண்டாம். நேரை போ."

"ஓம்," என்றான் சேயோன்.